மேற்கே பார்த்த டிஷ்

ஐந்தாவது மாடிக்கு மேலே மொட்டை மாடி. அதன் மேற்கு ஓரமாகத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் சுவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான் சில்லறை.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. சட்டைப் பையில் கிடக்கும் சில்லறையைப் போல, நடந்தாலும் உட்கார்ந்தாலும் அவன் வாய் கலகலத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. துப்பறியும் மேடத்திடம் பதினோரு வருஷமாக உதவியாளன். பிணத்தைப் பார்த்திருக்கிறான், கத்தியைப் பார்த்திருக்கிறான். உயரத்தைப் பார்த்தால் மட்டும் முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்.

"தம்பி, ஓரத்துக்கு வாங்க. இங்கேருந்து பார்த்தா நாலு தெருவும் தெரியும்" என்று கூப்பிட்டார் டிஷ் மெக்கானிக்.

"எனக்கு இங்கேருந்தே தெரியுது அண்ணே. மேல வானம், கீழ என் செருப்பு. ரெண்டும் பத்திரமா இருக்கு."

மெக்கானிக் சிரிக்கவில்லை. காலையில் அவருடைய கடையில் போய் நின்றதிலிருந்தே அந்த மனிதர் சிரிக்கவில்லை. தோள்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

மணி பதினொன்று ஐம்பது. பிற்பகல் இரண்டரைக்குக் கோர்ட் கூடும். அதற்குள் ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பெண் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்துப் பதினாலு பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இன்று அவள் கூண்டில் ஏறிச் சொன்னால் வழக்கு நிற்கும். ஏறாவிட்டால் இன்றோடு படுத்துவிடும். முந்தாநாள் வேலை முடிந்து கிளம்பியவள் வீட்டுக்கு வரவில்லை. நேற்று மாலை அவள் கணவரான தையல்காரருக்கு அவளிடமிருந்தே ஒரு போன் வந்தது.

"நான் நல்லா இருக்கேன். போலீசுக்குப் போகாதீங்க. நாளைக்கு சாயங்காலம் விட்டுடுவாங்க."

அவ்வளவுதான். பத்தொன்பது விநாடி. தையல்காரர் அதைப் பதிவு செய்து வைத்திருந்தார். மேடம் அதை நாற்பது தடவை கேட்டாள். அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் இரண்டு சத்தம் இருந்தது. ஒன்று, ஊருக்குள் இருக்கும் பஞ்சாலையின் ஐந்து மணிச் சங்கு, காதோரத்தில் ஊதுவது போல. அப்படியானால் இடம் ஆலையைச் சுற்றியுள்ள நாலு தெருவுக்குள். இன்னொன்று, டிவியில் ஓடிய கால்பந்து ஆட்டம். வர்ணனையாளன் புரியாத ஒரு பாஷையில் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"அந்த மேட்ச் இங்கே சந்தா கட்டினாத்தான் வரும். அதுவும் நம்ம பாஷையில. இந்தப் பாஷையில வருதுன்னா, அது வெளிநாட்டு இலவச சேனல். அதைப் பிடிக்கணும்னா டிஷ்ஷை மேற்கே திருப்பணும்" என்றாள் மேடம்.

"அதாவது மேடம், நம்ம ஆளு கடத்தல்காரன் மட்டுமில்ல, கஞ்சன்."

"கஞ்சத்தனம்தான் அவனைக் காட்டிக் கொடுக்கப் போகுது. ஊர்ல இருக்கற டிஷ் எல்லாம் கிழக்கே பார்க்குது. மேற்கே பார்க்கற ஒண்ணைத் தேடணும், அவ்வளவுதான்."

தேடத்தான் இந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். நாலு தெருவிலும் டிஷ் வைத்ததெல்லாம் அவர்தானாம். விஷயம் முழுதும் சொல்லவில்லை. வெளிநாட்டு சேனல் பார்ப்பவர் வீடு வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அங்கே உயரமான கட்டிடம் இது என்று மேடமே தேர்ந்தெடுத்திருந்தாள். மாடி ஏறியதும் அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி மேற்கே ஒரு பழைய கட்டிடத்தைக் காட்டினார்.

"அதோ, சோடா கம்பெனி மாடி. அங்கே ஒண்ணு மேற்கே பார்க்குது."

கீழே தெருவில் காத்திருந்த மேடம் போனில் அதைக் கேட்டதும் மடக்குக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இதற்கிடையில் இரண்டாவது மாடி வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மெக்கானிக், மேலேதானே இருக்கீங்க? எங்க டிஷ்ஷையும் கொஞ்சம் பாருங்களேன், ராத்திரி காத்துல திரும்பிருச்சு!" என்று கத்தினாள். அவர் மறுக்கவில்லை. தொட்டியிலிருந்து பதினைந்து அடி தள்ளி இருந்த டிஷ்ஷின் போல்ட்டைத் தளர்த்தினார்.

சில்லறை வேடிக்கை பார்த்தான். மனிதர் ஒரு நூலளவு திருப்புவார், மனசுக்குள் மூன்று எண்ணுவார், காத்திருப்பார். கையிலிருந்த சின்ன மீட்டர் கீச் கீச் என்று முனகும். இன்னொரு நூல். முனகல் வீறிடலாக மாறியது.

"வந்துச்சா?"

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்றது இரண்டாவது மாடி.

பாராட்டலாம் என்று சில்லறை தொட்டியை விட்டு நாலு எட்டு வைத்து டிஷ்ஷுக்கு முன்னால் வந்தான்.

"ஐயோ, போச்சு!"

"தம்பி, முன்னால நிக்காதீங்க. மனுஷ உடம்பைத் தாண்டி சிக்னல் வராது" என்று மெக்கானிக் அவனை ஒதுக்கினார். ஒதுக்கிய கை சில்லிட்டுப் போயிருந்தது. உச்சி வெயிலில், தரை காலைச் சுடும் நேரத்தில், அந்தக் கை மட்டும் ஐஸ் கட்டியாக இருந்தது. ஏன் என்று சில்லறைக்குத் தெரியவில்லை. திரும்பவும் தொட்டிச் சுவரிடம் போய் ஒட்டிக்கொண்டான்.

போன் அடித்தது. மேடம்.

"சில்லறை, நான் பேசறதைக் கேட்டுக்கிட்டே சிரி."

"ஜோக்கைச் சொல்லுங்க மேடம், நல்லா இருந்தா சிரிக்கறேன்."

"மெக்கானிக் பக்கத்துல இருக்காரா?"

"பதினைஞ்சு அடியில."

"அவர் நம்மகிட்ட பொய் சொல்றார். இப்ப சிரி."

சில்லறை சிரித்தான். தும்மல் வந்த ஆடு மாதிரி ஒரு சத்தம்தான் வெளியே வந்தது. மெக்கானிக் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சோடா கம்பெனி டிஷ் மேற்கே பார்த்துத்தான் இருக்கு. ஆனா கேபிள் அறுந்து வருஷக்கணக்கா ஆச்சு. உள்ளே காக்கா கூடு கட்டியிருக்கு. இதுல காக்காதான் மேட்ச் பார்க்கணும். நாலு தெருவுல எல்லா டிஷ்ஷும் தான் வெச்சதுன்னு சொன்ன ஆளுக்கு, இது செத்துப் போன டிஷ்னு தெரியாதா?"

"ஹஹ்ஹா... சொல்லுங்க, சொல்லுங்க."

"ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டார். என்னைச் சரியா மேற்கே அனுப்பிட்டார். இந்தச் சோடா கம்பெனி மாடியிலேருந்து உங்க மொட்டை மாடி நேரா தெரியுது. அங்கே இருக்கற டிஷ் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் முகத்தைக் காட்டுது."

"எங்கே மேடம்?"

"நீ கட்டிப் பிடிச்சிருக்கியே ஒரு சுவர். அதுக்குப் பின்னாடி."

சில்லறை சுவரைத் தடவியபடியே பக்கவாட்டில் நகர்ந்து, மூலையைத் தாண்டிக் கழுத்தை மட்டும் நீட்டினான்.

இருந்தது. நெஞ்சு உயரத்தில், தொட்டிச் சுவரிலேயே முடுக்கியிருந்தார்கள். தப்புப் பண்ணிவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மற்றவை எல்லாம் வானத்தை அண்ணாந்து பார்க்க, இது எதிர் வீட்டுக் கூரையைப் பார்ப்பது போல மேற்கே பார்த்தது. புத்தம் புதுசு. அதிலிருந்து இறங்கிய கறுப்பு ஒயர் ஒரு குழாய்க்குள் புகுந்தது. அதே குழாய்க்குள் இன்னும் இருபது கறுப்பு ஒயர்கள்.

தேடி வந்த வீடு இந்தக் கட்டிடத்திலேயே, தன் காலுக்குக் கீழேயே இருக்கிறது. வெளியே பார், வெளியே பார் என்று நாலு தெருவையும் காட்டியது இதற்குத்தான்.

"மேடம், இருபது வீடு. எந்த ஒயர் எங்கே போகுதுன்னு தெரியலை" என்று கிசுகிசுத்தான்.

"ஒவ்வொரு கதவாத் தட்டினா உள்ளே இருக்கறவன் உஷாராயிடுவான். அந்தப் பொண்ணை என்ன பண்ணுவானோ தெரியாது. அவனாக் கதவைத் திறக்கணும். நான் வர பத்து நிமிஷம் ஆகும். இன்ஸ்பெக்டருக்கும் சொல்லிட்டேன், ஆனா அவங்க வர அரை மணி ஆயிடும்."

அவனாகக் கதவைத் திறக்க வேண்டும். சில்லறை அந்த டிஷ்ஷைப் பார்த்தான். அதற்கு எதிரே ஓரச் சுவரைப் பார்த்தான். முழங்கால் உயரம். டிஷ்ஷுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஓரடி இடம். அதற்கு அப்பால் ஐந்து மாடி வெறும் காற்று.

"படம் போனா திறப்பான் மேடம்" என்றான். சொன்ன பிறகுதான், படத்தை யார் போக வைப்பது என்ற கேள்வி மண்டையில் உறைத்தது.

"எப்படிப் போகும்?"

"மனுஷ உடம்பைத் தாண்டி சிக்னல் வராதாம். என் உடம்பும் அந்தக் கணக்குல சேரும்னு நினைக்கறேன்."

பதினோரு வருஷத்தில் மேடம் அவனிடம் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"ஜாக்கிரதைப்பா."

போனைத் துண்டிக்காமல், ஒலிபெருக்கியைப் போட்டுச் சட்டைப் பையில் செருகினான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை வைத்தான். பிறகு அடுத்த கால். டிஷ்ஷைப் பார்த்தபடி, அதன் முகத்தோடு தன் நெஞ்சு ஒட்ட நின்றான். முழங்காலின் பின்பக்கம் ஓரச் சுவர் இடித்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. காற்று சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. கீழே எங்கோ ஒரு சைக்கிள் மணி, பொம்மைச் சைக்கிளின் மணி போலக் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

தொட்டிக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்கின் போன் அலறியது.

உடனே நின்றது. துண்டித்துவிட்டார். மறுபடி அலறியது. மறுபடி துண்டித்தார். பிறகு செருப்புச் சத்தம் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது. மூலையில் மெக்கானிக் தெரிந்தார். கையில் ஸ்பானர்.

டிஷ்ஷைப் பார்த்தார். அதற்கு முன்னால் நின்றவனைப் பார்த்தார்.

"தம்பி, அங்கேருந்து தள்ளுங்க."

"தள்ளறேன் அண்ணே. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. பின்பக்கம்னா கொஞ்சம் யோசிக்கணும்."

தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னான். குரல் பிளந்துபோய் அழுகை மாதிரி கேட்டது.

மெக்கானிக் இரண்டு எட்டு முன்னால் வந்தார். கையை நீட்டினார். நீட்டிய கை தன்னை இழுக்குமா தள்ளுமா என்று சில்லறைக்குத் தெரியவில்லை. டிஷ்ஷின் விளிம்பைப் பத்து விரலாலும் பற்றிக்கொண்டான். தகரம் விரலை அறுத்தது. இது கழன்றால் நானும் கழல்வேன் என்று தோன்றியது.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நாலாவது படிக்கறா" என்றார் மெக்கானிக்.

அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது அந்த மனிதரிடம் உடைந்தது.

"நேத்து மத்தியானம் டிஷ் மாட்டணும்னு கூப்பிட்டான். மாட்டிட்டு, டிவியில சேனல் வெச்சுக் கொடுக்க வீட்டுக்குள்ள போனேன். பக்கத்து ரூம் கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு. ஒரு அம்மா நாற்காலியில உக்கார்ந்திருந்தாங்க. கை ரெண்டும் கட்டியிருந்துச்சு. என்னைப் பார்த்தாங்க. கத்தலை, பேசலை. சும்மா பார்த்தாங்க. நான் ரிமோட்டை டேபிள்ல வெச்சுட்டு வெளியே வந்துட்டேன் தம்பி. வாசல்ல அவன் என் தோள்ல கையைப் போட்டு, பாப்பா எந்த ஸ்கூல், எந்த வேன்ல போகுதுன்னு எல்லாம் அவனே சொன்னான். ராத்திரி முழுக்கத் தூங்கலை. காலையில நீங்க ரெண்டு பேரும் கடைக்கு வந்து நிக்கறீங்க."

போன் மறுபடி அலறியது. அவர் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சில்லறையின் பையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. ஓடி வந்துகொண்டிருந்தாள்; மூச்சு வாங்கியது.

"மெக்கானிக் சார், எனக்கு எல்லாம் கேட்டுச்சு. நீங்க பயப்படறதுல தப்பே இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தம்மா கடத்தினவங்க முகத்தைப் பார்த்திருக்காங்க. சாயங்காலம் அவங்களை உசிரோட விட்டுடுவாங்கன்னு நம்பறீங்களா? நீங்களும் பார்த்திருக்கீங்க. உங்களை விட்டுடுவாங்களா?"

போன் அலறிக்கொண்டே இருந்தது. சில்லறை ஸ்பானர் பிடித்த கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மெக்கானிக் ஸ்பானரைப் பைக்குள் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

"என்னய்யா, போனைக் கட் பண்றே? படம் போச்சு!" என்று ஒரு குரல் சீறியது.

"மாடியிலதான் இருக்கேன். டிஷ் சரியாத்தான் இருக்கு." அவருடைய குரல் திடீரென்று தொழில்காரன் குரலாகிவிட்டது, அலுப்பும் அதிகாரமுமாக. "ஒயர்ல கோளாறு. வீட்டுக்குள்ள வந்து பார்க்கணும். நீ ஒருத்தன்தானே இருக்கே? ... அவன் சாப்பாடு வாங்கப் போயிருக்கானா? சரி, கூட ஒயர் பிடிக்க ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வரேன், என் கடை ஆளு. கதவைத் திறந்து வை."

போனை வைத்துவிட்டுச் சில்லறையைப் பார்த்தார். "மூணாவது மாடி, படிக்கு இடது பக்கம். நான் சொல்ற வரைக்கும் நீங்க இங்கேருந்து அசையக் கூடாது தம்பி. படம் வந்துட்டா அவன் என்னை உள்ளே விட மாட்டான்."

"எவ்வளவு நேரம்?"

செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

அதற்குப் பிறகு சில்லறை பார்த்தது ஒரு டிஷ்ஷின் வெள்ளை வயிற்றை மட்டும்தான். கேட்டது, பையிலிருந்து வந்த சத்தங்களை. மேடம் படியேறும் சத்தம். "இந்த ஒயர்ச் சுருளைப் பிடிங்கம்மா" என்று மெக்கானிக் முணுமுணுத்தது. கதவு. தாழ்ப்பாள். அந்த ஆள் கேட்டான்: "யாரு இது?" "சொன்னேனே, கடை ஆளு." சில்லறையின் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி இழுத்தது. காலை உதற முடியாது. உதறினால் போய்விடுவான். பல்லைக் கடித்தான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

"ஒயர் பால்கனி வழியாத்தான் வருது" என்றார் மெக்கானிக். "நீ வெளியே போய் அதை இழுத்துப் பிடி. நான் இங்கே செருகிப் பார்க்கறேன். வந்துச்சான்னு கேப்பேன், அசையாமப் பிடிச்சுக்க."

"நான் எதுக்கு? இந்தம்மாவைப் பிடிக்கச் சொல்லு."

"எனக்கு உயரம்னா தலை சுத்தும் சார்" என்றாள் மேடம், கெஞ்சலாக. "கையை விட்டுட்டேன்னா அப்புறம் மேட்ச் முடிஞ்சப்புறம்தான் படம் வரும்."

ஒரு கெட்ட வார்த்தை. கனத்த காலடிகள். பால்கனிக் கதவு கிறீச்சிட்டது. "இதுவா? இதையா?" என்றான் அந்த ஆள். இப்போது அந்தக் குரல் பையிலிருந்தும் வந்தது, சில்லறையின் முதுகுக்குக் கீழே மூன்று மாடி ஆழத்திலிருந்தும் வந்தது. அவன் நேர் கீழே நிற்கிறான்.

"அதுதான். இன்னும் கொஞ்சம் வெளியே."

தடாரென்று பால்கனிக் கதவு மூடியது. மேல் தாழ்ப்பாள். கீழ் தாழ்ப்பாள்.

"டேய்! டேய் மெக்கானிக்!"

கண்ணாடி அதிர்ந்தது. அடி மேல் அடி. பிறகு அடி நின்றது. சில்லறை செய்யக் கூடாததைச் செய்தான்: தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தான். அந்த ஆள் அண்ணாந்து இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் கத்தி. ஒரு கால் ஏற்கனவே கழிவுநீர்க் குழாயின் மேல். ஏறி வர ஆரம்பித்துவிட்டான்.

சில்லறைக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நாக்கு எழவில்லை. குழாய் முனகியது. ஆள் ஒரு மாடி உயரம் வந்துவிட்டான். நாலாவது மாடி ஜன்னல் விளிம்பைப் பற்ற ஒரு கை மேலே வந்தது.

ஜன்னல் படாரென்று திறந்தது. உள்ளே யாரோ ஒரு பெண், "திருடன்! திருடன்!" என்று வீறிட்டு, கையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே அவன் முகத்தில் வீசினாள். கத்தி பல்லிலிருந்து நழுவித் தெருவில் போய் விழுந்தது. ஆள் குழாயோடு சறுக்கி மறுபடி பால்கனிக்குள்ளேயே விழுந்தான். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான். தெருவில் கூட்டம் கூடியது.

பைக்குள் ஒரு புதுக் குரல், கட்டு அவிழ்ந்த அந்தப் பெண்ணுடையது. நாள் கணக்கில் தண்ணீர் குடிக்காத குரல்.

"மணி என்ன?"

"பன்னிரண்டு நாற்பதும்மா" என்றாள் மேடம். "கோர்ட் இரண்டரைக்கு. சில்லறை, வந்துடு, முடிஞ்சுது."

சில்லறை வரவில்லை. விரல்கள் பிரிய மறுத்தன. கடைசியில் மெக்கானிக்கே மாடி ஏறி வந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இடுப்பில் கையைக் கொடுத்து அவனை உள்பக்கம் இழுத்துப் போட்டார்.

கீழே இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் வந்திருந்தது, மேடத்தின் கார் தயாராக நின்றது. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பிய இரண்டாவது ஆளைத் தெரு முனையிலேயே மடக்கியிருந்தார்கள். அவர்களை அனுப்பியவன் யார், இன்னும் எத்தனை பேர் வெளியே இருக்கிறார்கள், யாருக்கும் தெரியாது. தகவல் கேட்டு ஓடி வந்த தையல்காரர், தன் மனைவியின் மணிக்கட்டிலிருந்த கயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டே நின்றார், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கூடக் கழற்றாமல்.

பரிசோதனைக்கூடப் பெண் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார்.

"நேத்து நீங்க என்னைப் பார்த்தீங்க."

"பார்த்தேன்மா." தலை நிமிரவில்லை. "என் பொண்ணு ஸ்கூல்ல இருக்கா. அவங்க ஆளுங்க அங்கே..."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க போலீஸ்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு இவர் பொண்ணு ஸ்கூலுக்குப் போங்க. குழந்தையை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

"இப்பத்தான் உன்னைப் பார்க்கறேன். நான் உன் கூட..."

"நான் கோர்ட்டுக்குத்தானே போறேன். அங்கே நூறு பேர் இருப்பாங்க. அந்தக் குழந்தை தனியா இருக்கு."

தையல்காரர் மெக்கானிக்கிடம் பெயரையும் வகுப்பையும் கேட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மெக்கானிக் அது தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கூப்பிடாமலே, காரின் பின் கதவைத் திறந்தார். சில்லறைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை. நகர்ந்து இடம் விட்டான்.

வண்டி கிளம்பியது.

"கோர்ட்ல என்னம்மா கேப்பாங்க?" என்றார் மெக்கானிக்.

"என்ன பார்த்தீங்கன்னு கேப்பாங்க" என்றாள் பரிசோதனைக்கூடப் பெண்.

"பயந்துக்கிட்டு வெளியே வந்துட்டேன்னு, அதையும் சொல்லணுமா?"

"அதையும் சொல்லுங்க" என்றாள் அவள். "நானும் பயந்துக்கிட்டுத்தான் கத்தாம இருந்தேன்."